இருபது டாலர் எண்பத்தெட்டு சென்ட்

ஹோலியோக், மாசசூசெட்ஸ்
2010 பிப்ரவரி 8

கொமாத்ரே அவில்டாவுக்கு,

பதினொரு முறை ஃபோன் செய்துவிட்டேன். பன்னிரண்டாவது முறை உங்கள் பக்கத்து வீட்டு லூச்சியைக் கூப்பிட்டேன். "அவங்க ஃபோன் ஒயரையே சுவத்துலேருந்து பிடுங்கிட்டாங்க. கடன்காரனுங்க காலைல ஏழு மணிக்கே ஆரம்பிச்சுடறானுங்க" என்றாள். ஊருக்கே தெரிந்த சங்கதி எனக்கு மட்டும் தெரியாது. அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் கோபத்தால் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நேராகவே கேட்கிறேன். உங்கள் சாகோவின் வைத்தியத்துக்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்தீர்களே, அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது யார்? நான். நீங்கள் தவணை கட்டாத அன்றே சங்கத்துக்காரர்கள் யாருக்குக் கடிதம் போடுவார்கள்? எனக்கு. மாதம் நூற்று நாற்பத்தைந்து டாலர் வீதம் பதினெட்டு மாதமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். முதியோர் இல்லத்தின் சலவை அறையில் நின்று சம்பாதித்த காசு அது. ஃபோனில் கேட்கும்போதெல்லாம் "எல்லாம் நல்லபடியா இருக்கு" என்றீர்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. கணவனைப் பறிகொடுத்தவளிடம் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் வீட்டுக் கடனுக்காக வங்கிக்குப் போனேன். இரண்டு அறை, பின்னால் துணி காயப்போட ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்ட வீடு. "உங்க பேர்ல புவெர்த்தோ ரீக்கோவுல, யௌகோங்கற ஊர்ல ஒரு கடன் நிலுவையில நிக்குதே" என்று அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என் மகள் யாரேலிஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் நீங்கள். அதுவரை வாடி போடி என்று திரிந்த நாம் இருவரும் அன்றிலிருந்து ஒருவரையொருவர் "கொமாத்ரே" என்றும் "நீங்கள்" என்றும் மரியாதையாக அழைத்து வருகிறோம். அந்த மரியாதைக்கு அர்த்தம் இதுதானா?

நெரெய்தா

*

யௌகோ, புவெர்த்தோ ரீக்கோ
2010 மார்ச் 1

என் கொமாத்ரே நெரெய்தாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் பிரிக்காமல் இருந்தேன். பிரித்த பிறகு, முதல் நாளே பிரித்திருக்கலாம் என்று தோன்றியது. நீங்கள் எழுதியதைவிட மோசமாக நானே என்னைத் திட்டி முடித்திருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். சாகோவின் மருந்துக்கும் போன்ஸே ஆஸ்பத்திரிப் போக்குவரத்துக்கும் நான்கு கிரெடிட் கார்டுகள். அவர் போன பிறகு ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டினேன். பிறகு அரசாங்கம் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அந்தப் பாதியில் நானும் ஒருத்தி. மாதம் இருநூறு கொடுத்தால் எல்லாக் கடனையும் பேசி முடித்துத் தருகிறோம் என்று ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஏழு மாதம் கொடுத்தேன். அவர்கள் யாரிடமும் பேசவில்லை, என்னிடம் மட்டும் நன்றாகப் பேசினார்கள். மொத்தக் கடன் இப்போது முப்பத்தெட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது.

நீங்கள் பதினெட்டு மாதமும் கட்டியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. சங்கத்துக்காரர்கள் பொறுமையாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன். என்ன புத்தி பாருங்கள்.

போன வாரம் போன்ஸேயில் இரிசாரி என்ற பெண் வக்கீலைப் பார்த்தேன். கடன் அடைக்க வக்கு இல்லை என்று கோர்ட்டில் சொல்லி மஞ்சள் கடுதாசி கொடுப்பதைப் பற்றித்தான். சொல்ல ஆரம்பித்ததுமே வெட்கத்தில் அழுதுவிட்டேன். அந்த அம்மா மேசைமேல் இருந்த கோப்பு அடுக்கைக் காட்டி, "இவங்க எல்லாரும் இந்த மாசம் வந்தவங்க. டீச்சர் இருக்காங்க, போலீஸ்காரர் இருக்கார். அழுது முடிச்சிட்டீங்கன்னா கணக்குப் பார்க்கலாம்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

வழி இரண்டு இருக்கிறதாம். சட்டப் புத்தகத்தின் அத்தியாய எண்ணையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

"ஏழுன்னா சட்டுனு முடிஞ்சிடும்மா. உங்ககிட்ட விக்கறதுக்கு என்ன இருக்கு? வாடகை வீடு, ஒரு பழைய கார். அதை யாரும் தொட மாட்டாங்க. நாலஞ்சு மாசத்துல கார்டு கடன், சங்கத்துக் கடன் எல்லாம் உங்க தலையிலேருந்து இறங்கிடும்."

"பதிமூணுன்னா?"

"அஞ்சு வருஷம். உங்க வருமானத்துல சாப்பாடு, வாடகை போக மிச்சத்தை மாசா மாசம் கோர்ட் நியமிச்ச பொறுப்பாளர்கிட்ட கட்டணும். அவர் எல்லாருக்கும் பிரிச்சு அனுப்புவார். ஒரு மாசம் தவறினாலும் கேள்வி வரும். உங்க நிலைமைல இருக்கறவங்களுக்கு நான் ஏழுதான் சொல்வேன்."

கிளம்பும்போது வாசற்படியில் நின்று கேட்டேன்: "என் தலையிலேருந்து இறங்கற சங்கத்துக் கடன் எங்க போய் உட்காரும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாராவது ஜாமீன் போட்டிருக்காங்களா? ஏழுல போனா முழுப் பாக்கியும் அவங்க தலையில. பதிமூணுல போனா, அந்தக் கடனை நீங்க முழுசா கட்டிட்டு வர்ற வரைக்கும் அவங்களை யாரும் தொட முடியாது."

இன்னும் முடிவு செய்யவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அது பொய்.

அவில்டா

*

ஹோலியோக்
2010 மார்ச் 20

கொமாத்ரே,

ஏழு. கேட்கிறதா? ஏழு! ஐம்பத்திரண்டு வயதில் ஐந்து வருஷத்தைக் கொண்டுபோய் ஒரு பொறுப்பாளரிடம் அடகு வைக்க உங்களுக்கு என்ன பைத்தியமா?

போன கடிதத்தில் கண்டபடி எழுதிவிட்டேன். எழுதி முடித்ததும் கோபம் போய்விட்டது. தபால் பெட்டியில் போட்டதைத் திரும்ப எடுக்கத்தான் முடியவில்லை. சங்கத்தில் இன்னும் நாலாயிரத்துச் சொச்சம் பாக்கி இருக்கும், அவ்வளவுதானே? பதினெட்டு மாதம் கட்டியவளுக்கு இன்னும் முப்பது மாதம் கட்டத் தெரியாதா? வீடு எங்கேயும் ஓடிவிடாது. இங்கே குளிர்காலத்தில் துணி எப்படியும் வெளியே காயாது.

நான் கட்டியதைக் கொமாத்ரேயாகக் கட்டினேன். வங்கியாகக் கட்டவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சே வேண்டாம்.

நெரெய்தா

*

யௌகோ
2010 ஜூன் 25

என் கொமாத்ரே,

திட்டுவீர்கள் என்று தெரிந்துதான் இத்தனை நாள் எழுதவில்லை. ஜூன் மூன்றாம் தேதி பதின்மூன்றில் மனுப் போட்டாயிற்று. மனுப் போடுவதற்கு முன் சிக்கனமாக இருப்பது எப்படி என்று ஒரு வகுப்பு கட்டாயமாம். அதற்குக் கட்டணம் ஐம்பது டாலர். சிக்கனத்தைப் பற்றி அங்கேயே எனக்கு ஒரு கேள்வி வந்தது, கேட்கவில்லை.

மாதம் முந்நூற்றுப் பத்து டாலர், அறுபது மாதம். சாகோவின் பென்ஷன் வருகிறது. தவிர, காலையில் பருப்புச் சோறும் இறைச்சியும் சமைத்து, அடுக்குப் பாத்திரத்தில் போட்டு, ஊரில் இரண்டு பட்டறைக்கும் ஒரு மருந்துக் கடைக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வாழைக்காயைத் துருவி இலையில் மடித்து வேகவைக்கிற பஸ்தேல் போட்டு விற்றால் தாராளமாகச் சமாளித்துவிடலாம். மனுப் போட்ட மறுநாளிலிருந்து கடன்காரர்கள் யாரும் கூப்பிடக் கூடாது என்று சட்டமாம். ஒயரை மறுபடி மாட்டினேன். நாள் முழுக்க ஃபோன் சும்மா கிடந்தது. பயமாகக்கூட இருந்தது.

யாருக்கெல்லாம் பாக்கி என்று பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான்கு கார்டு, ஆஸ்பத்திரி, கட்டில் வாங்கிய கடை, சங்கம், எல்லாவற்றையும் எழுதினேன். உங்களை எழுதவில்லை. கட்டில் கடைக்குக் கீழே என் கொமாத்ரேயின் பெயரை எழுதுகிற கை எனக்கு இல்லை. உங்களுடையதை நான் தனியாகத் தருவேன். இத்துடன் நூறு டாலருக்கு மணி ஆர்டர் வைத்திருக்கிறேன். மறுக்காதீர்கள்.

அவில்டா

*

யௌகோ
2010 ஆகஸ்ட் 9

கொமாத்ரே,

இந்தக் கடிதத்தை எழுதுவதற்குப் பதில் இன்னொரு கார்டு கடன் வாங்கியிருக்கலாம் போலிருக்கிறது.

போன புதன்கிழமை போன்ஸேயில் கடன் கொடுத்தவர்கள் கூட்டம் நடந்தது. பெயர்தான் அப்படி. கடன் கொடுத்தவர் ஒருவரும் வரவில்லை. ஒரு நீள மேசை, அந்தப் பக்கம் பொறுப்பாளர், இந்தப் பக்கம் நானும் வக்கீலும், பின்னால் நாற்காலிகளில் முறைக்குக் காத்திருக்கிற முப்பது பேர். வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். பத்துக் கேள்வி கேட்டார். ஒன்பது வரை நன்றாகப் போயிற்று.

"இந்தப் பட்டியல்ல எல்லாரும் இருக்காங்களா? சொந்தக்காரங்க, சிநேகிதங்க, வேற யாருக்காவது பாக்கி உண்டா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம், கொமாத்ரே. ஒரே ஒரு சொல். கை இன்னும் மேலேயே இருந்தது, இறக்க மறந்துவிட்டேன்.

"என் கொமாத்ரேக்கு இருக்கு" என்றேன்.

"ஏன் எழுதல?"

"அவங்க கடன்காரங்க இல்லையே. கொமாத்ரே."

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பொறுப்பாளர் சிரிக்கவில்லை. "எனக்கும் கொமாத்ரே இருக்காங்கம்மா. இருந்தாலும் எழுதணும்" என்றார். நூறு டாலர் அனுப்பியதையும் சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் இரிசாரி அம்மா சுவரோடு சுவராக நிறுத்தி என்னை வறுத்து எடுத்துவிட்டார். "சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்ட பட்டியல்ல ஒருத்தரை மறைச்சா கேஸையே தூக்கி எறிஞ்சிடுவாங்க. மத்தவங்க வரிசைல நிக்கும்போது ஒருத்தருக்கு மட்டும் பின் வாசல் வழியா காசு குடுக்கறது உங்களுக்கு மரியாதை. கோர்ட்டுக்கு அது திருட்டுத்தனம்." கேஸ் போனால் என் கடன் எல்லாம் திரும்பி வரும். சங்கம் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நான் எதற்காகப் பதின்மூன்றை எடுத்தேனோ அதுவே பாழாகும்.

இரண்டு காரியம் வேண்டும். அந்த மணி ஆர்டரைத் திருப்பி அனுப்புங்கள். இத்துடன் இருக்கும் படிவத்தில், நான் உங்களுக்கு இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து டாலர் பாக்கி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சங்கத்துக்கு மட்டும்தான் முழுசு, மற்ற எல்லாரையும் போல உங்களுக்கும் அதில் டாலருக்கு நாற்பது சென்ட் வீதம்தான் மாதாமாதம் பிரித்து வரும். கட்டில் கடைக்கும் அதே நாற்பதுதான்.

மன்னியுங்கள்.

அவில்டா

*

ஹோலியோக்
2010 ஆகஸ்ட் 30

திருமதி அவில்டா ஃபெலிசியானோவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். "கடனுக்கான காரணம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யாரேலிஸ் கேட்டாள். பொருளா, சேவையா, ரொக்கமா என்று மூன்று பெட்டி. ரொக்கம் என்பதில் கோடு போடச் சொன்னேன். நம் முப்பது வருஷ உறவுக்கு அங்கே பெட்டி எதுவும் இல்லை.

முப்பது பேர் நடுவில் என் பெயரைச் சொல்லி, அவர்கள் சிரித்தார்கள் என்று எனக்கே எழுதுகிறீர்கள். இந்தக் கடன் வேண்டாம் என்று சொன்னேன், ஏழாம் அத்தியாயத்தை எடுங்கள் என்று சொன்னேன். என் பேச்சை ஒரு பொருட்டாகவே நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்ற என்னைக் கடன்காரியாக்கினீர்கள்.

மணி ஆர்டர் உள்ளே இருக்கிறது. இனிமேல் பேச வேண்டியதைப் பொறுப்பாளர் வழியாகவே பேசுங்கள்.

நெரெய்தா குய்ந்தானா

*

ஹோலியோக்
2014 அக்டோபர் 31

கொமாத்ரே,

செப்டம்பரில் பொறுப்பாளரின் செக் வரவில்லை. தபாலில் தாமதம் என்று இருந்தேன். அக்டோபரிலும் வரவில்லை. உங்கள் பழைய எண்ணைக் கூப்பிட்டால் அப்படி ஒரு எண்ணே இல்லை என்கிறது. லூச்சி ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டாளாம்.

காசுக்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை, உயிரோடு இருந்து நினையுங்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2011 மே மாதம் முதல் செக் வந்தது. இருபது டாலர் எண்பத்தெட்டு சென்ட், பொறுப்பாளர் கையெழுத்து, ஓரத்தில் உங்கள் பெயரும் கேஸ் எண்ணும். கிழித்துப் போடத்தான் எடுத்தேன். கிழிக்கவில்லை. அடுத்த மாதம் இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகு மாதக் கடைசியில் தபால்காரன் வருகிற நேரம் நான் ஜன்னல் பக்கமே இருப்பேன். செக் வந்துவிட்டால், அவில்டா இந்த மாதமும் எழுந்திருக்கிறாள், சோறு சமைத்திருக்கிறாள், பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வேன். நாற்பது செக். நாற்பது கடிதம் மாதிரி. பதில் போட வேண்டிய அவசியம் இல்லாததால் என் வீம்பும் அப்படியே இருந்தது.

இப்போது இரண்டு மாதமாக ஜன்னலில் நிற்கிறேன். என்ன ஆயிற்று? ஒரு வரி போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

நெரெய்தா

*

யௌகோ
2014 நவம்பர் 14

என் கொமாத்ரே,

எழுத்து கோணலாக இருக்கும். இந்த முறை கோபம் இல்லை, விரல்தான்.

ஜூலையில் இந்தத் தீவு முழுக்கக் கொசு பரப்பிய சிக்குன்குனியா எனக்கும் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, மூட்டுவலி போகவில்லை. வாழைக்காய் துருவ முடியவில்லை, மூடியைத் திறக்க முடியவில்லை. மருந்துக் கடைக்காரரே வந்து, "நீங்க படுங்கம்மா, நாங்க ரொட்டி தின்னுக்கறோம்" என்றார். ஃபோனை நிறுத்திக் காசை மிச்சம் பிடித்தேன். அப்படியும் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று தவணை கட்டவில்லை. கேஸைத் தள்ளுபடி செய்யச் சொல்லிப் பொறுப்பாளர் மனுக் கொடுத்திருக்கிறார். டிசம்பர் பன்னிரண்டுக்குள் தொள்ளாயிரத்து முப்பது கட்டாவிட்டால் நாலேகால் வருஷம் கட்டியதற்கு அர்த்தம் இல்லாமல் போகும். கார்டுக்காரர்கள் வட்டியோடு வருவார்கள். சங்கத்தில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்துக்கு உங்களிடம் வருவார்கள். எல்லாவற்றையும்விட அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கை இப்போது தேவலை. நவம்பர் தவணையை நானே கட்டிவிடுவேன். அந்த மூன்று மாதம்தான் குழியாக நிற்கிறது. இதை உதவி கேட்டு எழுதவில்லை. கேட்டீர்கள், சொன்னேன்.

என் செக்குக்காக ஜன்னலில் நின்றீர்களா? இங்கே நான் ஒவ்வொரு தவணை கட்டும்போதும், இதில் இருபது டாலர் ஹோலியோக்குக்குப் போகும், அவர்கள் அதைக் கிழித்துப் போடுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். கிழித்தாலும் கையில் எடுத்திருப்பார்களே என்றும் நினைப்பேன்.

அவில்டா

*

ஹோலியோக்
2014 நவம்பர் 22

கொமாத்ரே,

உள்ளே தொள்ளாயிரத்து முப்பது டாலர். முதலில் இதை எடுத்துக்கொண்டு உங்கள் வக்கீலம்மாவிடம் போய், வாங்கலாமா என்று கேளுங்கள். இந்த முறை பின் வாசல் வேலை எதுவும் வேண்டாம். கடன் இல்லை, அன்பளிப்பு என்று நான் கைப்பட எழுதிய தாளும் உள்ளே இருக்கிறது.

இதில் எண்ணூற்று முப்பத்தைந்து டாலர் இருபது சென்ட் உங்களுடைய நாற்பது செக். ஒன்றைக்கூடச் செலவு செய்யவில்லை. கிறிஸ்துமஸ் சேமிப்புக் கணக்கில் போட்டுவைத்து, நான்கு கிறிஸ்துமஸுக்கும் எடுக்காமல் விட்டேன். மீதித் தொண்ணூற்று நான்கு எண்பதுதான் என் காசு. உங்கள் காசை வாங்கி, உங்களுக்கே கொடுத்து, அதை நீங்கள் பொறுப்பாளருக்குக் கட்டி, அவர் அதில் எனக்கு அனுப்பி... யாரேலிஸ் இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் முன்பே சொல்லியிருக்க வேண்டியது. இதை என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாடகை வீடு இல்லை, என் வீடு. 2012இல் அதே வங்கிக்குப் போனேன். அந்தப் பெண் திரையைத் திருப்பினாள். சங்கத்துக் கடன் ஒழுங்காகக் கட்டப்பட்டு வருகிறது என்று இருந்தது. நீங்கள் ஏழாம் அத்தியாயத்தை எடுத்திருந்தால் இந்த வீடு இல்லை. இதைத் தெரிந்துகொண்டே இரண்டு வருஷம் உங்களுக்கு ஒரு வரி போடாமல் இருந்தேன். அதுதான் எனக்கு வெட்கம்.

விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

நெரெய்தா

*

யௌகோ
2015 ஆகஸ்ட் 3

என் கொமாத்ரே,

முடிந்தது. கோர்ட்டிலிருந்து ஒரு பக்கக் காகிதம் வந்தது, முத்திரைகூடக் கறுப்பு மைதான். ஐந்து வருஷத்துக்கு இன்னும் கொஞ்சம் கனமான காகிதமாக இருக்கலாம். சங்கத்துக் கடன் முழுசாகத் தீர்ந்தது, உங்கள் ஜாமீன் கையெழுத்துக்கு விடுதலை.

இரிசாரி அம்மாவிடம் பஸ்தேல் ஒரு டஜன் கொண்டுபோய்க் கொடுத்தேன். நானே துருவியது. அவரிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன்.

"என் கொமாத்ரேக்கு டாலருக்கு நாப்பது சென்ட்தானே போச்சு. மிச்ச அறுபது?"

"சட்டப்படி இனிமே நீங்க அவங்களுக்கு ஒண்ணும் தர வேண்டாம்மா. தீர்ந்துபோச்சு."

"நானா பிரியப்பட்டுக் குடுத்தா?"

"அதை யாரும் தடுக்க முடியாது" என்றார். பிறகு, "நிஜமாவே குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இலையைப் பிரித்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மிச்சம் ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்தாறு டாலர். ஜூன் மாதத்தோடு பொறுப்பாளரின் செக் நின்றுவிட்டது. ஜூலைக் கடைசியில் நீங்கள் ஜன்னலில் போய் நின்றிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இதையும் இருபது டாலர் எண்பத்தெட்டு சென்ட் வீதமே அனுப்பப்போகிறேன். கச்சிதமாக எழுபத்தைந்து மாதம் வருகிறது, ஆறேகால் வருஷம். பட்டியலில் எழுதாமல், யாரையும் கேட்காமல், முன் வாசல் வழியாக. வேண்டாம் என்று எழுதினால் படிக்க மாட்டேன்.

முதல் மணி ஆர்டர் இத்துடன்.

உங்கள் கடன்காரி,
அவில்டா

*

ஹோலியோக்
2015 ஆகஸ்ட் 17

கொமாத்ரே,

கிடைத்தது. இன்னும் எழுபத்து நான்கு.

எனக்கு இப்போதே ஐம்பத்தெட்டு. எழுபத்தைந்தாவது வரும்போது அறுபத்து நாலு ஆகியிருக்கும். அதுவரைக்கும் இருந்தே ஆக வேண்டும், நீங்களும்தான். ஒரு மாதம் தவறினாலும் விமானம் ஏறி வந்துவிடுவேன்.

காசைச் சுருக்கமாகவும் கடிதத்தை நீளமாகவும் அனுப்புங்கள்.

நெரெய்தா